முருங்கைக்காய் மலிவாக இருக்கும்போதே வாங்கி ஃபிரீசரில் வைத்தால் செலவு பாதியாகுமா?

21 ஜனவரி 2024 (கேள்வி)

நாங்கள் நாலு பேர். காய்கறிக்கும் மீனுக்கும் சேர்த்து மாதம் 5,000 ரூபாய் ஆகிறது. போன தீபாவளிக்கு டபுள் டோர் ஃபிரிட்ஜ் வாங்கினோம். சீசனில் மொத்தமாக வாங்கி ஃபிரீசரில் போட்டு வைத்தால் இந்தச் செலவு பாதியாகிவிடும் என்கிறார் என் நாத்தனார். நிஜமா? யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

21 ஜனவரி 2024, இரவு

பாதியாகாது. பாதியாகும் என்று நம்பி இறங்குகிறவர்கள்தான் ஏப்ரலில் ஃபிரீசரைத் திறந்து பாதியைக் குப்பையில் கொட்டுகிறார்கள். ஆனால் மிச்சமாகும்.

நாங்கள் மதுரை. அத்தையையும் சேர்த்து நாலு பேர், செலவும் ஏறக்குறைய உங்கள் அளவுதான். 2023 பொங்கலுக்கு மொச்சையில் ஆரம்பித்தேன். அந்த வருடம் ஜூலையில் தக்காளி கிலோ 100-ஐத் தாண்டி, சென்னையில் அரசே ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்க வேண்டி வந்ததே, அப்புறம்தான் இதைத் தீவிரமாக எடுத்துக்கொண்டேன்.

இப்போது மொச்சைக் காலம். அண்ணா நகர் உழவர் சந்தையில் (தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை இதுதான், 1999-ல் திறந்தது) போன வாரம் கிலோ 45-க்கு 10 கிலோ வாங்கினேன். உரித்தால் 6 கிலோ பருப்பு வரும். மே மாதம் பச்சை மொச்சை கண்ணிலேயே படாது, காய்ந்த மொச்சை வேறு ருசி. கத்தரிக்காயும் மொச்சையும் போட்ட புளிக்குழம்பு எங்கள் வீட்டில் வாரம் ஒரு தடவை வேண்டும், அதனால் எங்களுக்கு இது சரி. மொச்சை பிடிக்காத வீட்டில் இடத்தை அடைப்பதோடு சரி.

23 ஜனவரி 2024

ஒரு திருத்தம். 10 கிலோவுக்கு 6 கிலோ என்று எழுதியது தப்பு. என் கணவர் தராசில் வைத்துப் பார்த்தார், 4 கிலோவும் கொஞ்சமும்தான் இருந்தது. அப்படியானால் பருப்பு கிலோ 110 ரூபாய் ஆகிறது, 75 இல்லை. தோலோடு வாங்கும் எதற்கும் இந்தக் கணக்கை முதலில் போடுங்கள்.

பட்டாணியும் அப்படித்தான். கிலோ 40-க்கு 6 கிலோ வாங்கினேன், உரித்த பட்டாணி 2 கிலோ 700 கிராம். அதாவது கிலோ ஏறக்குறைய 90 ரூபாய். கடையில் உறைந்த பட்டாணி பாக்கெட்டாகக் கிலோ 200 கணக்கில் கிடைக்கிறது. ஆக மொத்தம் 300 ரூபாய் மிச்சம், இரண்டு சாயங்காலம் உரித்ததற்கு. டிவி பார்த்துக்கொண்டே உரிக்கிற வீட்டில் லாபம். வேலைக்குப் போய்விட்டு ஏழு மணிக்கு வீடு திரும்புகிறவர்களை இதைச் செய்யச் சொல்ல எனக்கு மனசு வராது, பாக்கெட் பட்டாணியில் ஒரு குறையும் இல்லை.

28 ஜனவரி 2024

காயை உறைய வைக்கும் முன் எதற்கு வெந்நீரில் போட வேண்டும், அப்படியே கவரில் போட்டால் என்ன என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்.

2023-ல் நான் அப்படியேதான் போட்டேன். மார்ச்சுக்குள் மொச்சையில் ஒரு வைக்கோல் வாடை வந்துவிட்டது, நிறமும் மங்கிவிட்டது. காயைப் பறித்த பிறகும் அதிலுள்ள நொதிகள் வேலை செய்துகொண்டே இருக்கும். ஃபிரீசர் குளிர் அவற்றை மெதுவாக்கும், நிறுத்தாது. நிறுத்துவது சூடுதான். கொதிக்கிற தண்ணீரில் பட்டாணிக்கு ஒன்றரை முதல் இரண்டு நிமிடம், மொச்சைக்கு மூன்று நிமிடம், உடனே ஐஸ் தண்ணீரில் கொட்டி அதே அளவு நேரம். ஐஸ் தண்ணீரை விட்டுவிட்டால் உள்ளே இருக்கிற சூட்டில் வெந்துகொண்டே போய் குழைந்துவிடும்.

அப்புறம் வடிதட்டில் வடித்து, பருத்தித் துணியில் பரப்பி, ஈரம் போக ஒற்றி எடுத்து, எவர்சில்வர் தட்டில் ஒரே அடுக்காக வைத்து இரவு முழுக்க ஃபிரீசரில் விடுங்கள். காலையில் கோலிக்குண்டு மாதிரி உதிரியாக இருக்கும். அப்போது கவரில் அள்ளிப் போட்டு, காற்றை நன்றாக வெளியேற்றி மூட வேண்டும். காற்று இருந்தால் காயிலிருக்கும் ஈரம் பனியாக வெளியே வந்து படிந்து காய் வறண்டுவிடும். கவருக்குள் வெள்ளையாகப் பொடிப்பனி கொட்டிக் கிடக்கிறதே, அது முழுக்கக் காயிலிருந்து போன தண்ணீர்.

இன்னொன்று, ஒரே நாளில் ஐந்து கிலோவைத் திணிக்காதீர்கள். 50 லிட்டர் ஃபிரீசருக்கு ஒரு நாளில் இரண்டு கிலோ போதும். அதற்கு மேல் போனால் உறைவது மெதுவாகும், மெதுவாக உறைந்தால் பனிப்படிகம் பெரிதாகிக் காயின் உள் திசுவைக் கிழித்துவிடும், சமைக்கும்போது சவசவ என்று இருக்கும்.

29 ஜனவரி 2024

சிங்கிள் டோர்க்காரர்களுக்கு: மேலே இருக்கும் அந்தச் சின்னப் பெட்டி 15 லிட்டர் சுமாருக்குத்தான் இருக்கும், பலவற்றில் மைனஸ் 18 டிகிரிக்கும் போகாது. அதில் மாதக்கணக்கில் வைக்க வேண்டாம். மூன்று, நாலு வாரத்துக்கு ஏற்றதை மட்டும் வையுங்கள்.

11 பிப்ரவரி 2024

இடம் குறைவாக இருக்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது எலுமிச்சைதான், மொச்சை இல்லை. இதை முதல் நாளே எழுதியிருக்க வேண்டும்.

போன நவம்பரில் கிலோ 50-க்கு மூன்று கிலோ வாங்கினேன், 75 பழம் இருந்தது. பிழிந்து, விதை வடிகட்டி, ஐஸ் ட்ரேயில் ஊற்றி உறைய வைத்துக் கட்டிகளைக் கவரில் போட்டுவிட்டேன். ஒரு கட்டி ஏறத்தாழ ஒரு பழம். 75 பழமும் ஒரு லிட்டர் இடத்துக்குள் அடங்கிவிட்டது! ஏப்ரலில் ஒரு பழம் 7 ரூபாய், 8 ரூபாய் என்று விற்கும்போது சாதத்துக்கும் சர்பத்துக்கும் கட்டியை எடுத்துப் போட்டால் போதும். தாளித்து இறக்கி, சூடு கொஞ்சம் ஆறியபின் போடுங்கள், கொதிக்கவிட்டால் கசக்கும்.

ஆகவே என் அளவுகோல் இதுதான்: ஒரு லிட்டர் ஃபிரீசர் இடத்தில் எத்தனை ரூபாய் மிச்சமாகிறது. கிலோவுக்கு எவ்வளவு என்று பார்த்தால் ஏமாந்துபோவோம்.

14 மார்ச் 2024

மீன் பற்றிக் கேட்டவருக்கு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. நாட்டுப் படகு மீன் வரும், ஆனால் வரத்து குறைந்து விலை ஏறும். போன வருடம் கிலோவுக்கு 150 ரூபாய் வித்தியாசம் பார்த்தேன். அதனால் ஏப்ரல் முதல் வாரத்தில் விளமீனும் பாறையும் நாலு கிலோ வாங்கப் போகிறேன், சாளை ஒரு கிலோ.

சுத்தம் செய்து, ஒரு வேளைக்கு ஆகிற துண்டுகளை டப்பாவில் போட்டு, துண்டு மூழ்கத் தண்ணீர் ஊற்றி உறையவிடுவேன். தண்ணீரே உறையாகிவிடும், காற்று படாது. விரிவதற்கு மேலே ஒரு விரல் இடம் விட வேண்டும். சமைப்பதற்கு முந்தின இரவு ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிட்டால் காலையில் சரியாக இருக்கும். மேடையில் வெளியே வைத்து இளக விடாதீர்கள், குழந்தைகள் சாப்பிடுகிற வீடு.

20 ஏப்ரல் 2024

முருங்கைக்காய்! கிலோ 25. கூறு கட்டி 'எடுத்துட்டுப் போங்கம்மா' என்று கெஞ்சாத குறையாகக் கூப்பிட்டார்கள். கார்த்திகை, மார்கழியில் இதே காய் யானை விலை விற்கும். குளிரிலும் மழையிலும் பூ உதிர்ந்து காய்ப்பு விழுந்துவிடும், கல்யாண முகூர்த்தங்களும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். நான் ஃபிரீசரில் வைக்கிற பொருள்களில் இதற்குத்தான் விலை ஏற்ற இறக்கம் அதிகம்.

இந்த வாரம் மூன்று தடவையாக ஆறு கிலோ. பாதியை விரல் நீளத்துக்கு நறுக்கி இரண்டு நிமிடம் வெந்நீரில் போட்டு உறைய வைத்தேன். மறுபாதியை வேகவைத்துப் பிளந்து, உள்ளே இருக்கும் சதையைக் கரண்டியால் வழித்துக் கிண்ணம் கிண்ணமாக வைத்தேன்.

22 ஏப்ரல் 2024

நறுக்கி வைத்த மூன்று கிலோ ஒரு தட்டு முழுவதையும் பிடித்துக்கொண்டது. வழித்து வைத்த மூன்று கிலோவுக்குக் கால்வாசி இடம்கூட ஆகவில்லை. அடுத்த வருடம் எல்லாவற்றையும் வழித்துவிடுவேன் என்று இப்போது நினைக்கிறேன். டிசம்பரில் ருசி பார்த்துவிட்டு முடிவாகச் சொல்கிறேன்.

அத்தை இதையெல்லாம் பார்த்துவிட்டு ஒன்று சொன்னார்: "வெயில் சும்மாதானே காயுது, எல்லாத்தையும் எதுக்குப் பெட்டிக்குள்ள அடைக்கிறே?" அவர் சொன்னது சரி. கத்தரி, வெண்டை, சுண்டை, மணத்தக்காளி, மாங்காய், மிளகாய் எல்லாம் வெயிலுக்கு உரியவை. மதுரை மே மாத வெயிலில் மாங்காய் வற்றல் நாலு நாளில் காய்ந்துவிடும், டப்பாவில் போட்டால் ஒரு வருடம் இருக்கும், ஒரு காசு கரண்ட் செலவில்லை. சின்ன வெங்காயம் மலிந்தால் வெங்காய வடகம். வெங்காயத்தை உறைய வைத்தால் சொதசொதத்துப் போகும், வதக்கினாலும் அந்த வாசம் முழுதாக வராது. ஃபிரீசர் என்பது காய்ந்தால் வேறு பொருளாகிவிடும் சாமான்களுக்கு மட்டும் என்று நாங்கள் இருவரும் ஒப்புக்கொண்டோம். பட்டாணி, மீன், எலுமிச்சைச் சாறு, முருங்கைச் சதை.

2 ஜூன் 2024

மாம்பழக் கூழைக் கண்ணாடிப் பாட்டிலில் கழுத்து வரை ஊற்றி வைத்தேன், மறுநாள் பாட்டில் குறுக்கே வெடித்துக் கிடந்தது. தண்ணீர் உறையும்போது நூற்றுக்கு ஒன்பது பங்கு பெருகும், கூழிலும் பெரும்பகுதி தண்ணீர்தானே. இமாம் பசந்த் பழம், 165 ரூபாய், கண்ணாடித் தூள் கலந்திருக்கும் என்பதால் அப்படியே கொட்டினேன். மீனுக்கு இடம் விடச் சொல்லி நான்தான் எழுதியிருக்கிறேன், மாம்பழத்துக்கு விடவில்லை. கண்ணாடி வேண்டாம். கவரில் ஊற்றித் தட்டையாகப் படுக்க வைத்து உறைய விடுங்கள், பிறகு புத்தகம் மாதிரி நிறுத்தி அடுக்கலாம்.

மாங்காய்த் துண்டுக்கு வெந்நீர்கூட வேண்டாம். நறுக்கி அப்படியே போட்டால் ஆறு மாதம் கழித்தும் சாம்பாரில் புளிப்பு குறையாது.

5 ஜூன் 2024

சாளை கெட்டுவிட்டது, இரண்டே மாதத்தில் காரல் வாடை, 160 ரூபாய் போச்சு. விளமீனும் பாறையும் நன்றாகவே இருக்கின்றன. கொழுப்பு அதிகமான மீன் ஃபிரீசரிலும் சிக்கு அடிக்கும். சாளை, அயிலை எல்லாம் அன்றன்றைக்கு வாங்கிச் சாப்பிட வேண்டியவை. மார்ச்சில் எழுதியதில் சாளையை அடித்துவிடுங்கள்.

19 ஜூலை 2024

தக்காளி 70 ஆகிவிட்டது. மார்ச்சில் 20-க்கு வாங்கி வைத்த 10 கிலோவில் இப்போது ஆறு கிலோ இருக்கிறது. தக்காளிக்கு ஒரு வேலையும் வேண்டாம், கழுவித் துடைத்து முழுசாகப் போடலாம். எடுத்துக் குழாயடியில் காட்டினால் தோல் கையோடு வந்துவிடும். துண்டாக நிற்காது, குழம்புக்கும் ரசத்துக்கும் தொக்குக்கும்தான் ஆகும், ஆனால் நம் வீட்டில் தக்காளி போவதே அதற்குத்தானே. முழுசாக வைத்தால் இடம் பிடிக்கும் என்பதால் பாதியை அரைத்துத் தட்டைக் கவரில் வைத்திருக்கிறேன்.

8 ஆகஸ்ட் 2024

சென்னையிலிருந்து எழுதியவர் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நாட்கணக்கில் கரண்ட் இல்லாமல் ஃபிரீசரில் இருந்த எல்லாம் போனது என்கிறார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் ஃபிரீசரைக் காலி செய்துகொண்டு வருவது கடலோரத்தில் இருப்பவர்களுக்கு நல்லது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

மாதாந்திரப் பராமரிப்புக்குக் காலை 9 முதல் மாலை 5 வரை நிறுத்துகிறார்களே, அதற்குப் பயப்பட வேண்டாம். நிறைந்த ஃபிரீசர் திறக்காமல் இருந்தால் 48 மணி நேரம் தாங்கும், பாதி நிறைந்தது 24 மணி நேரம். காலியாக இருந்தால் தண்ணீர்ப் பாட்டில்களை முக்கால் அளவு நிரப்பி உள்ளே வையுங்கள். ஊருக்குப் போகிறவர்கள் ஒரு டம்ளரில் தண்ணீரை உறைய வைத்து அதன்மேல் ஒரு ரூபாய் நாணயம் வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது நாணயம் மேலேயே இருந்தால் சரி. அடியில் கிடந்தால் நடுவில் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது, மீனைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

3 செப்டம்பர் 2024

ஆகஸ்ட் முழுவதும் ஒரு வேலை செய்தேன். வீட்டுக் குப்பைக் கூடையில் போகிற காய்கறியை விலையோடு எழுதினேன். இரண்டு வருடம் முன்பு, இதெல்லாம் ஆரம்பிக்கும் முன், ஒரு மாதம் இதேபோல் எழுதியிருந்தேன், அந்த நோட்டு கிடைத்தது. அப்போது வாரம் 60 ரூபாய்க்குப் போயிருக்கிறது: அழுகிய கொத்தமல்லி, பூஞ்சை பிடித்த தேங்காய் மூடி, வாடிய இஞ்சி, பாதி பச்சை மிளகாய். இப்போது வாரம் 15.

காரணம் சீசன் இல்லை. தேங்காயை உடைத்த அன்றே மீதியைத் துருவி வைக்கிறேன். மல்லியைத் தண்டோடு அரைத்துக் கட்டியாக்கிவிடுகிறேன். இஞ்சியை முழுசாக வைத்து உறைந்தபடியே சீவுகிறேன். பச்சை மிளகாயைக் காம்பு கிள்ளிப் போடுகிறேன். கறிவேப்பிலையை உறைந்தபடியே எண்ணெயில் போட வேண்டும், வெளியே வைத்தால் கறுத்துவிடும்.

4 செப்டம்பர் 2024

தனியாக ஒரு ஃபிரீசர் வாங்கலாமா என்று கேட்டவருக்கு: வேண்டாம். ஒரு நாளைக்கு ஒரு யூனிட் என்று வைத்தாலும் இரண்டு மாதத்துக்கு 60 யூனிட், யூனிட் 5 ரூபாய் என்றால் பில்லுக்கு 300, வருடத்துக்கு 1,800. இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பதெல்லாம் ஏற்கெனவே வீட்டில் ஓடுகிற ஃபேனுக்கும் மோட்டாருக்கும் போய்விடும். அதோடு மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ் அடுக்கில் கிடைக்கிற குறைந்த விலையும் கைவிட்டுப் போகும். ஹோட்டல் வைத்திருந்தால் வேறு விஷயம்.

15 டிசம்பர் 2024

முருங்கைக்காய் கிலோ 300-ஐத் தாண்டிவிட்டது. சந்தையில் ஒரு அம்மா ஒரு காயைக் கையில் எடுத்து விலை கேட்டுவிட்டுத் திருப்பி வைத்ததைப் பார்த்தேன்.

இன்று ஃபிரீசர் முருங்கைக்காய் சாம்பார். நறுக்கி வைத்தது கொஞ்சம் நீர்த்திருந்தது, சதை தோலை விட்டுச் சீக்கிரம் பிரிந்தது, வாசம் முக்கால்வாசி இருந்தது. வழித்து வைத்த சதையில் நேற்றுச் செய்த மசியல்தான் எல்லாருக்கும் பிடித்தது, அத்தை இரண்டாம் முறை போட்டுக்கொண்டார். ஏப்ரலில் சொன்னபடியே முடிவு: வழிப்பதுதான் சரி.

இன்றைய விலைக்கு ஆறு கிலோ 1,800 ரூபாய், நான் கொடுத்தது 150, ஆக 1,650 மிச்சம்!

16 டிசம்பர் 2024

நேற்று எழுதிய கணக்கு சரியில்லை. 300 ரூபாய்க்கு நான் ஆறு கிலோ வாங்கியே இருக்க மாட்டேன். அதிகம் போனால் இந்தக் குளிர்காலம் முழுக்க ஒரு கிலோ வாங்கியிருப்பேன், மீதி நாளுக்கு முள்ளங்கி சாம்பார் வைத்திருப்பேன். ஆக நிஜ மிச்சம் 300-ல் 150 போக 150 ரூபாய். மற்றது மிச்சமில்லை, மார்கழியில் முருங்கைக்காய் சாப்பிட்ட சந்தோஷம். அதுவும் வேண்டும்தான், ஆனால் மளிகை நோட்டில் அதை எழுத முடியாது.

19 ஜனவரி 2025

கேள்வி கேட்டு ஒரு வருடம் ஆகிறது. அந்தத் திருத்தத்தோடு கணக்கு: பட்டாணி 300, எலுமிச்சை 375, முருங்கை 150, தக்காளி 500 (இது இல்லாமல் சமைக்க முடியாது, அதனால் முழுதாகச் சேர்க்கிறேன்), மீன் 600. மொத்தம் 1,925. பாட்டில் மாம்பழமும் சாளையும் போனது 325. கையில் நின்றது 1,600. மொச்சையையும் மாங்காயையும் சேர்க்கவில்லை, அவை இல்லாவிட்டால் வேறு ஏதோ சமைத்திருப்பேன்.

வருடத்துக்கு 60,000 செலவில் இது நூற்றுக்கு மூன்று ரூபாய்கூட இல்லை. குப்பைக்குப் போகாமல் நின்றதோ வாரம் 45 வீதம் 2,300-க்கு மேல். உங்கள் ஃபிரீசரில் முதல் இடத்தைத் தேங்காய்த் துருவலுக்கும் மல்லிக்கும் இஞ்சிக்கும் கொடுங்கள், அடுத்தது எலுமிச்சை, தக்காளி, தடைக்காலத்து மீன். அதற்குப் பிறகும் இடம் இருந்தால் முருங்கையும் மொச்சையும்.

இந்தப் பொங்கலுக்கு மொச்சை ஐந்து கிலோ மட்டும் வாங்கினேன். அத்தை உரித்துக்கொண்டிருக்கிறார். நடுத்தட்டை மார்ச் தக்காளிக்காகக் காலியாக விட்டிருக்கிறேன்.